நாலு பேருக்குக் காணும் தாங்கி

மார்க்கம் நகரில் இருக்கும் நிலாணியின் அப்பா வாகீசனிடம் இரண்டு லொறிகள் உண்டு. பெரியது கட்டட வேலை இயந்திரங்களை ஏற்றும். சின்னது மிச்ச எல்லாவற்றையும் ஏற்றும்.

அன்று வெள்ளிக்கிழமை. அப்பாவின் கையெல்லாம் கிறீஸ். அதனால் தொலைபேசியை நிலாணி எடுத்தாள்.

"நான் ரெக்ஸ்டேலில இருந்து அன்ரனெற் கதைக்கிறன், பிள்ளை. நாளைக்கு ஒரு தாங்கி ஏத்தோணும். ஸ்ரௌவ்வில் மைதானத்துக்கு, மூண்டு மணிக்கு முதல்."

"எவ்வளவு பெரிசு, அன்ரி?"

"நாலு பேருக்குக் காணும்."

"அப்பா! தண்ணித் தாங்கியாம், நாலு பேருக்குக் காணுமாம்!" என்று நிலாணி கத்தினாள். 'தண்ணி' என்ற சொல்லை அவளாகவே சேர்த்துக்கொண்டாள். தாங்கி என்றால் வேறென்ன?

"அப்ப சின்ன லொறி போதும்," என்றார் அப்பா.

மறுநாள் ரெக்ஸ்டேலில் அன்ரனெற் அன்ரி கராஜ் கதவைத் திறந்தார். நிலாணிக்கு வாய் திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டது.

உள்ளே நின்றது ஒரு யுத்தத் தாங்கி! பழைய காலத்துத் தாங்கி போல ஒட்டுப்பலகையில் செய்து, சேற்றுப் பச்சை பூசியிருந்தார்கள். இரு பக்கமும் வயிறு ஊதினதுபோல ஒவ்வொரு பெட்டி. பெட்டிகளில் பீரங்கிக்குப் பதிலாக, கம்பளம் சுற்றி வரும் மட்டைக் குழாய்கள்.

அப்பா இரண்டடி பின்னால் போனார். "பிள்ளை, உதோ தண்ணித் தாங்கி?"

நிலாணி நிலத்தைப் பார்த்தாள்.

"ஊரில உதைக் கண்டு ஓடினனான், தங்கச்சி," என்றார் அப்பா அன்ரியிடம். "இஞ்ச உதை ஏத்திக்கொண்டு ஓடச் சொல்லுறியள்!"

அன்ரி சிரித்தார். "பயப்பிடாதேங்கோ அண்ணை, இது சுடாது. என்ர மகன் அன்ட்ரூவும் அவன்ர சிநேகிதரும் இண்டைக்கு நடக்கிற கண்காட்சிக்கெண்டு மாரி முழுக்க இருந்து செய்தவை. அவையள் காலமையே மைதானத்துக்குப் போய்க் காத்துக்கொண்டு நிக்கினம்."

அப்பா லொறியின் அகலத்தை அளந்தார். தாங்கியின் அகலத்தையும் அளந்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"உள்ளுக்கு இறங்காது. ரெண்டு பக்கமும் இடிக்கும். பெரிய லொறி மார்க்கத்தில நிக்குது. இந்தச் சனிக்கிழமை நெரிசலில போய் எடுத்துக்கொண்டு வர, கண்காட்சி முடிஞ்சிடும்."

என்ன தாங்கி என்று ஒரு சொல் கேட்காமல் விட்டதால் வந்த வினை. அன்ட்ரூவை அவள் கண்டதில்லை. ஆனாலும் வெறும் மைதானத்தில் அவன் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்தது.

"அன்ரி, பிழை என்னிலதான்," என்றாள். "தண்ணித் தாங்கி எண்டு நானாத்தான் சொன்னனான்."

அன்ரி கோபிக்கவில்லை. ஆனால் அவருடைய முகம் வாடியிருந்தது. அதைப் பார்க்க முடியாமல் நிலாணி சுவர்ப் பக்கம் திரும்பினாள். அங்கே இரண்டு பழைய படங்கள் ஒட்டியிருந்தன. ஒன்றில் தாங்கி சேற்றில் நின்றது. மற்றதில் அதே மாதிரித் தாங்கி ரயிலில் ஏறி நின்றது.

நிலாணி கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"அன்ரி, ரயிலில நிக்கிற தாங்கி ஏன் மெலிஞ்சு போய் நிக்குது? பக்கத்துப் பெட்டியள் எங்க?"

"அந்தக் காலத் தாங்கி ஆமை வேகத்திலதான் ஓடும். தூரப் பயணம் எண்டால் பெரிசு ரயிலில போகும், சின்னன் லொறியில போகும். வழியில இடிக்காமல் இருக்க, பெட்டியளை உள்ளுக்குத் தள்ளி..."

அன்ரி பாதியில் நிறுத்தினார். அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலாணியைப் பார்த்தார்.

"எங்கட தாங்கியும் உள்ளுக்கு வெறும் இடம்தானே?" என்றாள் நிலாணி.

அவ்வளவுதான்! அப்பா வெளியே இருந்து ஆணிகளைக் கழற்றினார். நிலாணி தாங்கிக்குள் புகுந்து, குழாயும் பெட்டியுமாக உள்ளே இழுத்தாள். மூக்கிலே பச்சைப் பெயின்ற், தலையிலே மரத்தூள். மெலிந்த தாங்கி மெல்ல மெல்ல லொறியில் ஏறி, அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது.

போகும் வழியில் அன்ரி சொன்னார்: "ஒரு விசயம் தெரியுமோ, பிள்ளை? முதல் முதல் உதைச் செய்யேக்க எதிரிக்குத் தெரியக் கூடாதெண்டு, தண்ணித் தாங்கி செய்யிறம் எண்டுதான் சொன்னவை. அந்தப் பேர்தான் நிலைச்சுப் போச்சு."

"அப்ப நான் சொன்னது சரி!" என்று நிலாணி துள்ளினாள்.

"சரிதான். நூறு வருசம் பிந்திப் போச்சு," என்றார் அப்பா.

மைதானத்தில் அன்ட்ரூ ஓடி வந்தான். தறப்பாளால் மூடியிருந்த ஒடுங்கின உருவத்தைக் கண்டு நின்றான். "இது என்ன?"

"தண்ணித் தாங்கி," என்றாள் நிலாணி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

"வாட்? அம்மா! பிழையான சாமான் வந்திட்டுது!"

அப்பா தறப்பாளை இழுத்தார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் புறாக்கள் எழும்பிப் பறந்தன. தாங்கியை இறக்கி, பெட்டிகளை மறுபடி வெளியே தள்ளிப் பூட்டியபோது மூன்று மணிக்கு இன்னும் நேரமிருந்தது.

முதலில் அன்ட்ரூ உள்ளே நுழைந்தான். நிலாணியின் கையைப் பிடித்து அவளையும் இழுத்துக்கொண்டான். பின்னால் இன்னும் எட்டுப் பேர்.

"நாலு பேருக்குத்தான் காணும்!" என்று உள்ளே இருந்து நிலாணி கத்தினாள். சிரிப்புச் சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை.