பூஜ்யத்துக்குக் கிடைத்த கேடயம்

காலை 9.10.

சுகாதார நிலையத்துப் பதிவறையில் அலமாரி வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே இருக்க வேண்டிய பதினேழு ரோஸ் தாள்களைக் காணவில்லை. ஊசி போட்ட குழந்தைக்குக் காய்ச்சலோ வீக்கமோ வந்தால் நர்ஸ் எழுதிக் கொடுக்கும் படிவங்கள் அவை.

தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கி வந்து வாசலில் இறக்கிய பெட்டி மாமா அங்கேயே நின்றார். நர்ஸ் அவருடைய மருமகள். அவள் கூப்பிட்ட ‘மாமா’தான் நிலையம் முழுக்க அவருக்குப் பேராக ஒட்டிக்கொண்டது. விடிகாலையில் ஐஸ் பேக் அடுக்கிய விரல் நுனிகள் இன்னும் மரத்தே இருந்தன. கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார்.

விசாரிக்க வந்த அதிகாரி அம்மாள் நாற்காலியைத் தொடக்கூட இல்லை.

“இந்த வாரம் மூணு குழந்தை தொடை வீங்கி பெரிய ஆஸ்பத்திரியில கிடக்கு. மூணுக்கும் ஊசி போட்டது நீங்க. அஞ்சு மாசமா இங்கிருந்து கம்ப்யூட்டர்ல ஏறின புகார் எத்தனை தெரியுமா? பூஜ்யம்.”

“பதினேழு எழுதினேன் மேடம். கிளார்க் கையிலதான் குடுத்தேன்.” என்றாள் மருமகள்.

“என் கைக்கு ஒரு தாளும் வரல,” என்றார் கிளார்க். அவர் தலைக்கு மேலே கேடயம் பளபளத்தது. புகாரே வராத நிலையம் என்று மேலிடம் கொடுத்தது.

“பதினோரு மணிக்கு அறுபது குழந்தைங்களுக்கு ஊசி. அதுக்குள்ள தாள் வரணும். வரலேன்னா மறைச்சது நீங்கதான்னு எழுதி சஸ்பெண்ட் பண்ணிட்டுப் போயிடுவேன்.”

காலை 9.30.

மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதிவறைக்கும் வாசலுக்குமாக நாலு நடை நடந்துவிட்டு கிளார்க் மேசைமுன் நின்றார்.

“கேடயம் ஜோரா இருக்கே. பித்தளையா சார்?”

“உமக்கு என்ன வேணும்?”

“சும்மா தண்ணிய ஏத்தினாலே நூத்துல ரெண்டு புள்ளைக்கு உடம்பு சுடும். இங்க மட்டும் ஒண்ணுக்குமே ஒண்ணும் ஆகலையா?”

“எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகல. அதுக்குள்ள துப்பறியக் கிளம்பியாச்சாக்கும்!”

“தெரியாமத்தானே கேக்குறேன். ஒரு ரோஸ் தாளை ஏத்த எவ்ளோ நேரம் ஆகும்?”

“முக்கால் மணி. மருந்து நம்பர், அப்பன் போன், ஆத்தா போன்... ஒண்ணு விட்டாலும் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிடும். உயிரை வாங்கும்.”

“வராத தாளுக்கு நேரம் கச்சிதமா சொல்றீங்களே.”

கிளார்க் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

காலை 9.55.

கூடத்தில் தாய்மார்கள் சேரத் தொடங்கிவிட்டார்கள். மாமா பெட்டியைத் திறந்தார். குப்பிகள் ஆடாமலிருக்க அடியில் தாளை மடித்துச் செருகுவது அவர் வழக்கம். திங்கள்தோறும் கிளார்க் பல நிறத்தில் கலந்த ஒரு கட்டுக் கழிவுத்தாள் கொடுப்பார். பழசை எடுக்காமல் அதன்மேலேயே புதுசைத் திணிப்பார் மாமா.

அடியிலிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு ஓரம் எட்டிப் பார்த்தது.

பிடித்து இழுத்தார். எழுத்துள்ள பக்கம் உள்ளே போகும்படி அவரே மடித்தது. படிக்கத் தெரியாத காலத்தில் எழுத்தைப் பார்த்தாலே கூசும். அப்போது வந்த கைப்பழக்கம், படித்த பிறகும் விடவில்லை.

பதினோரு தாள்கள் தேறின; மீதி ஐஸ் ஈரத்தில் கூழாகிப் போயிருந்தன. விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். வீக்கம். வீக்கம். கட்டி. ஊசி போட்ட கிழமை: செவ்வாய். அடுத்தது, செவ்வாய். அதற்கடுத்ததும் செவ்வாய்.

மருமகள் திங்களும் போடுகிறாள், வியாழனும் போடுகிறாள். அதே கை, அதே கிடங்கு மருந்து. செவ்வாய்க்கு மட்டும் என்ன வந்தது?

மாமா தன் விரல் நுனிகளைப் பார்த்தார். சட்டென்று பெட்டியை மூடினார்.

இன்றும் செவ்வாய்.

காலை 10.20.

தாள்களை அதிகாரி முன்னால் வைத்தார். “மேடம், ரெண்டு குப்பி வேணும். நேத்து மீந்தது ஃபிரிட்ஜ்ல இருக்கு. இன்னொண்ணு இந்தப் பெட்டியில ஐஸை ஒட்டிக் கிடக்குது. மருந்து கெட்டிருக்கான்னு கிடங்குல இப்படித்தான் குலுக்கி வெச்சுப் பாப்பாங்க.”

இரண்டாவது குப்பியை உள்ளங்கையில் பொத்தி இளக்கினார். இரண்டையும் குலுக்கி மேசைமேல் வைத்தார். அதிகாரி கடிகாரத்தையும் குப்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

காலை 10.50.

நேற்றைய குப்பி பால்போலவே இருந்தது. பெட்டிக் குப்பியில் மேலே தெளிந்த தண்ணீர். அடியில் திரிந்த பாலாகத் திப்பி.

“உறைஞ்சிருக்கு,” என்றார் அதிகாரி. “உறைஞ்ச மருந்து வேலை செய்யாது. போட்ட இடம் வீங்கவும் செய்யும். யார் பண்ணின வேலை?”

“தாளை ஒழிச்சது கிளார்க் சார். கழிவுன்னு சொல்லி என் கையிலயே குடுத்துட்டார். நான் பிரிச்சுப் பார்க்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும்.”

“எல்லாம் அரைகுறையா எழுதினது மேடம்...” கிளார்க் எழுந்தார்.

“உட்காருங்க. இதுல ஒண்ணு ரெண்டு ஏறியிருந்தா முதல் மாசமே செவ்வாய்னு கண்டுபிடிச்சிருப்போம். பூஜ்யம்னு பார்த்ததுமே நானும் ஓடி வந்திருக்கணும். கேடயம் குடுத்தோம்.” மாமா பக்கம் திரும்பினார். “மருந்தை உறைய வெச்சது?”

மருமகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான் மேடம். மத்த நாள் வேன் எட்டு மணிக்கு வரும். ஐஸ் பேக்கை வெளிய போட்டு, வேர்த்து, உள்ள தண்ணி களுக்குன்னு ஆடினப்புறம் அடுக்குவேன். செவ்வாய்க்கிழமை ஆறுக்கே வேன் வந்து ஹாரன் அடிக்கும். அப்படியே எடுத்து அடுக்கிடுவேன். ஜில்லுன்னு இருந்தா மருந்துக்கு நல்லதுதானேன்னு...” மருமகள் பக்கம் கை காட்டினார். “எம் மருமக கையில குத்தமில்ல.”

“மாமா...” என்றாள் அவள்.

வேறு மருந்துப் பெட்டி அனுப்பச் சொல்லி அதிகாரி கிடங்குக்குப் போன் போட்டார். ஐந்து மாதமாகச் செவ்வாயன்று ஊசி போட்ட குழந்தைகள் எல்லாரையும் தேடிப் பிடித்து மறுபடி ஊசி போட வேண்டும் என்றார். மருமகள் தாய்மார்களை உட்காரச் சொல்லக் கூடத்துக்கு ஓடினாள்.

காலை 10.58.

அதிகாரி வெள்ளைத்தாளை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். “நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிறேன். கைநாட்டு வெச்சாப் போதும்.”

மாமா மரத்த விரலை ஊதிக்கொண்டு பேனாவுக்குக் கை நீட்டினார்.

“குடுங்க மேடம். எனக்கு எழுதத் தெரியும்.”