நாற்பத்தேழாவது நிமிடம்

ரிப்பேர்காரர் வந்தபோது பகல் பதினொன்றரை இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு, "அக்கா, பதினெட்டு வருஷத் தொழில்ல முதல் தடவையா தோத்துப்போய் வந்திருக்கேன். திட்டணும்னா உக்காந்து திட்டுங்க" என்றார்.

அவள் திட்டவில்லை. திட்டுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. கணவர் போய் நான்கு மாதமாகிறது. அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுப்பது அவள் வேலை. இந்த நான்கு மாதத்தில் ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தும் பிழை கண்ணில் படாமல் போகிறது. எழுந்து தண்ணீர் கொண்டுவர நினைத்தாள். நினைத்ததோடு சரி.

ரிப்பேர்காரர் லேப்டாப்பை மேசைமேல் வைத்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர். மூக்குக்கண்ணாடி நெற்றியிலேயே குடியிருக்கும்.

"ஃபேன் மாத்தியாச்சு. உள்ளே இருந்த தூசியைத் திரட்டினா ஒரு தலையணையே தைக்கலாம். சூட்டைக் கடத்துற பசையும் புதுசு. மத்ததெல்லாம் ஜோரா ஓடுது. ஆனா உங்க வீட்டுக்காரரோட அந்தக் கடைசி ஒலிப்பதிவை மட்டும் போட்டா, நாற்பத்தேழாவது நிமிஷத்துல சூடு ஏறி தானா அணைஞ்சுடுது. தள்ளிவெச்சுப் போட்டாலும் அதே இடம்தான். காப்பி எடுக்கப் போனாலும் அணைஞ்சுடுது. மொத்தப் பதிவு ஐம்பத்திரண்டு நிமிஷம்."

கடைசி ஐந்து நிமிடம். அவளுக்கு வேண்டியது அது மட்டும்தான்.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பிவந்தவர் அவள் கணவர். சமையலறையை ஒட்டிய ஜன்னலில்லாத சாமான் அறைதான் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். எதிரொலி வராமலிருக்க நாலு சுவரிலும் பழைய போர்வைகள், கம்பளிகள், அவளுடைய குளிர்கால உடுப்புகள். கதவின் அடியிடுக்கில் துணி. மின்விசிறி கிடையாது. போட்டால் மைக் அதையும் சேர்த்துப் பிடித்துவிடும். கைப்பிடியில் துண்டு தொங்கினால் பதிவு நடக்கிறது என்று அர்த்தம். தட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது, மிக்ஸி போடக்கூடாது.

லேப்டாப்பின் சின்ன ஃபேன் சத்தம்கூடப் பதிவில் விழுகிறது என்று ஒரு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்காகத்தான் லேப்டாப்பை வைத்து மூட ஒரு மரப்பெட்டி. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தவள் அவள்தான். மைக் ஒயருக்கு மட்டும் விரல் நுழைகிற அளவில் ஓர் ஓட்டை. பதிவைத் தொடங்கிவிட்டு, லேப்டாப்பைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு வாசிப்பார்.

அவர் போன அன்று இரண்டு மணிக்குத் துண்டு தொங்கியது. ஐந்தரை வரை தொங்கிக்கொண்டே இருந்தது. அவள் கூடத்தில் உட்கார்ந்து யாரோ எழுதிய பயணநூலுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதயம் என்றார் மருத்துவர். அந்தப் புழுக்கமும் சேர்ந்துகொண்டது என்றார்.

நாத்தனார் வந்தாள், அழுதாள், அழுது முடித்துக் கேட்டாள்: "நீ கூடத்துலதானே இருந்த? ஒரு சத்தமும் கேக்கலையா உனக்கு?"

அந்தக் கேள்விதான் நான்கு மாதமாக அவளோடு படுக்கிறது, அவளோடு எழுகிறது. அவர் கூப்பிட்டாரா? கூப்பிட்டும் அவள் போகவில்லையா?

"ஒண்ணு கேக்கணும்க்கா" என்றார் ரிப்பேர்காரர். "பதிவு பண்ணும்போது லேப்டாப் எங்க இருந்துச்சு?"

அவள் அறையைக் காட்டினாள். பெட்டியைக் காட்டினாள். மனிதர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, பஞ்சுத் தையலை அமுக்கிப் பார்த்தார்.

"அடக் கடவுளே. இதுக்குள்ளயா வெச்சு ஓட்டினார்? லேப்டாப்பும் மூச்சு விடணும்க்கா. அடியிலேருந்து காத்தை இழுத்துப் பக்கவாட்டுல சூட்டைத் தள்ளும். பெட்டியை மூடினா தள்ளின சூட்டையே திரும்ப இழுக்கும். முதல்ல வேகம் குறையும், அப்புறம் உசிரைக் காப்பாத்திக்கத் தானா அணையும். இப்படியே தினம் நடந்தா பேட்டரி வீங்கும், உள்ளே இருக்கறது ஒண்ணொண்ணா…"

அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பெட்டியைத் தெச்சது நான்தான்" என்றாள்.

"நான் லேப்டாப்பைச் சொன்னேன்க்கா."

"தெரியுது."

பிறகு, வேறு வழி தோன்றாததாலோ என்னவோ, பதிவின்போது இருந்த இடத்திலேயே வைத்துப் பார்க்கலாம் என்றார். திரையின் மூலையில் சூட்டின் அளவு எண்ணாக ஓடியது. அறுபத்தெட்டு. மேசைமேல், நல்ல காற்றில், சும்மா இருக்கும்போதே அவ்வளவு. அறைக்குள் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தார். மூடாமல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுபது. ஐம்பத்திரண்டு. நாற்பத்தொன்று.

"இறங்கக்கூடாதே இது" என்றார் மெதுவாக.

பாதி மூடினார். முப்பது.

அவருடைய கைப்பேசி அடித்தது. துள்ளி எழுந்தவர், "கடையிலேருந்து… இதோ வந்துடறேன்க்கா" என்று வெளியே போய்விட்டார். தேவைக்கு மேலேயே தள்ளிப் போய்ப் பேசுவதுபோல் தோன்றியது.

அவள் ஹெட்ஃபோன் ஒயரை ஓட்டை வழியாக இழுத்தாள். பதிவை நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் வைத்து ஓடவிட்டாள். பெட்டியை மூடினாள். அறைக் கதவையும் சாத்தினாள்.

இருட்டு. சூடான கம்பளி வாசனை, அந்துருண்டை வாசனை. நடுவில் ஒரு மடக்கு நாற்காலி. அதில் உட்கார்ந்தாள்.

நாற்காலி கதகதப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி.

காதில் அவர் குரல். அவசரமில்லாத, ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்து நீட்டுகிற குரல்.

"அழுத்தமும் வெப்பமும் கூடக்கூட, பாறை தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. உருகுவதில்லை. இருந்த இடத்திலேயே…"

நிறுத்தம். தண்ணீர் பாட்டிலின் மூடி. ஒரு மிடறு. மறுபடி தொடங்கினார், "இருந்த இடத்திலேயே…" அதே இடத்தில் நின்றார். அவர் ஒரு வரியை இரண்டு முறை தவறவிட்டு அவள் கேட்டதேயில்லை.

அவளுக்கு வேர்த்து ஊற்றியது. கை பெட்டியின்மேல் இருந்தது. பெட்டி மண்பானைபோலக் குளிர்ந்திருந்தது.

நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. காதுக்குள்ளா, தனக்குக் கீழேயா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பிறகு அவர் பேசினார். வாசிக்கும் குரல் இல்லை. இரவில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்பாரே, அந்தக் குரல்.

"இருக்கியா?"

இத்தனை போர்வையையும் அடைத்த கதவையும் தாண்டி ஒரு முழம்கூடப் போயிருக்காது அது.

"கொஞ்சம் கதவைத் திறயேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. நான்கு மாதச் சோர்வும் தொண்டைக்கு வந்து ஒரு பதிலாக நின்றது. இது பதிவு, முடிந்துபோன பிற்பகல் என்பதெல்லாம் தெரிந்தேதான் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இங்கதான் இருக்கேங்க."

அமைதி. ஓடுகிறதா, அணைந்துவிட்டதா என்றுகூடத் தெரியாத அமைதி.

"வந்துட்டியா" என்றார். நிம்மதியாக. "உக்காரு. இன்னும் ரெண்டு பக்கம்தான்."

பக்கம் புரண்டது. அவர் விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.

கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்து உட்கார்ந்தபோது ரிப்பேர்காரர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய் லேப்டாப்பை எடுத்துவந்து மேசையில் வைத்தார். மேசையிலும் எண் முப்பதைத் தாண்டவில்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டு, நாற்பத்தேழாவது நிமிடத்தை இருவருக்கும் கேட்கும்படி போட்டார்.

"இருக்கியா?"

"கொஞ்சம் கதவைத் திறயேன்."

"இங்கதான் இருக்கேங்க."

அவள் குரல். போர்வைகளுக்கு நடுவே பேசிய, மைக்குக்கு அருகில் விழுந்த, சற்றே கரகரத்த அவள் குரல்.

ரிப்பேர்காரர் அதை நிறுத்தினார். "அக்கா" என்றார், கிசுகிசுப்பாக. "அன்னிக்குப் பதிவு நடக்கும்போது நீங்க உள்ளே போனீங்களா?"

"இல்ல."

"பதிவு பண்ணின தேதி அன்னிக்குன்னுதான் காட்டுது. இரண்டு மணிக்குத் தொடங்கினது."

"நான் போகல, தம்பி. அதுதானே என் கஷ்டமே."

மனிதர் பையை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார். ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகத்தான் வாயெடுத்தார் என்று தோன்றியது. வந்தது வேறு.

"அதை மறுபடி போடாதீங்கக்கா. பழுதாகும்னு சொல்லல. கூப்பிட்டாரு, நீங்க பதில் சொல்லிட்டீங்க. அதோட விட்டுடுங்க."

அவர் செருப்புச் சத்தம் படியிறங்கித் தெருவில் கரைந்தது.

நல்ல யோசனைதான். நாத்தனாருக்கு இனி ஒரு பதில் இருக்கிறது, அவள் நம்பினாலும் நம்பாவிட்டாலும். லேப்டாப்பை அணைத்து மூடிவைத்துவிட்டு, நான்கு மாதத்தில் முதல்முறையாக ஒரு தூக்கம் போடலாம். அவள் அணைப்பதற்காகத்தான் எழுந்தாள்.

திரையில் பதிவின் மொத்த நீளத்தைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு நிமிடம் இல்லை. ஒரு மணி ஆறு நிமிடம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழு ஆனது.

மணி ஒன்றரை. ஜன்னல் வழியே வெயில் மேசைவரை வந்திருந்தது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் ஹெட்ஃபோனை மாட்டி, பதிவின் கடைசிக்குத் தள்ளினாள்.

வாசிப்பு முடிந்திருந்தது. புத்தகம் மூடியிருக்க வேண்டும். மூச்சு மட்டும் கேட்டது. அவருடையதுதான். மூக்கின் ஓரத்தில் லேசாகச் சீட்டியடிக்கும் அந்த மூச்சோடு இருபத்திரண்டு வருடம் தூங்கியவளுக்குத் தெரியாதா?

ஆனால் இடையிடையே இன்னொன்றும் கேட்டது.

இரண்டாவது மூச்சு. வெகு அருகில். களைத்த மூச்சு.

அவள் நிமிர்ந்து அந்த அறையைப் பார்த்தாள். வெளியே வந்தபோது திறந்தபடியே விட்ட கதவு. ரிப்பேர்காரரும் சாத்தவில்லை.

இப்போது சாத்தியிருந்தது.

யாருடைய மூச்சு என்று இன்னும் சரியாகக் கேட்பதற்காக, அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

காதுக்குள், இரண்டாவது மூச்சும் நின்றது.

"என்னாச்சு?" என்றார் அவர்.