வீடு என்று பெயர் வைத்த புள்ளி

அந்தக் கருவியின் கண்ணாடிக்குள் ஈரம் இருந்தது. தூண்டில் கடையின் அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் மூன்று குளிர்காலமாகக் கிடக்கிறது என்று கடைக்காரி மிர்னா சொன்னாள். அப்படி இருந்தும் திரையின் உட்புறம், இப்போதுதான் யாரோ மூச்சு விட்டதுபோல ஆவி படிந்திருந்தது. லோவெல் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தான். ஈரம் உள்பக்கம் இருந்ததால் போகவில்லை.

அவனுடைய பழைய ஜி.பி.எஸ். போன வாரம் செத்துப்போயிருந்தது. மிர்னா இரண்டை எடுத்துவைத்தாள். ஒன்று புத்தம் புதியது, உறை பிரிக்காதது. மற்றது இது.

"புதுசை எடுத்துக்கோ. அது எவனோ விட்டுட்டுப் போனது. இன்னிக்கு வரைக்கும் கேட்டு யாரும் வரல," என்றாள்.

"உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

"நீ எதைப் பாக்கறேன்னு எனக்குத் தெரியாதாக்கும்."

அவளுக்கு மட்டுமா, ஊருக்கே தெரியும். இந்த ஏரியில் ஒருவன் வீட்டுச் சாவியைக் கொடுத்தாலும் கொடுப்பான், மீன் சிக்கும் இடத்தைச் சொல்லமாட்டான். அண்ணன் தம்பிக்குள்ளேயே பொய்தான். அதனால் பழைய கருவி ஒன்று விலைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது அதன் வயிற்றைத்தான். முன்னால் வைத்திருந்தவன் தான் குறித்த இடங்களை அழிக்க மறந்திருந்தால் அது புதையல். லோவெல் பொத்தானை அழுத்தினான். பட்டியல் ஓடியது. நாற்பத்து மூன்று புள்ளிகள். ஹார்லன், டெஸ், ஓர்வில், லூயல்லா. மீன் இடத்துக்குப் பழைய காதலி பெயரையோ நாயின் பெயரையோ வைப்பது இங்கே வழக்கம்தான். எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘வீடு’ என்று ஒன்று இருந்தது. கரையில் பனிச்சறுக்கு வண்டியை இறக்கும் இடத்தை எல்லோரும் அப்படித்தான் குறிப்பார்கள்.

"புதுசு வாங்கு லோவெல்," என்றாள் கதவருகே நின்ற கோரின். சிவப்புக் கம்பளிக் குல்லாயும், அவளே பின்னிய மஞ்சள் கையுறையுமாக நின்றாள். "ஒரு நாளாவது நான் சொல்றதைக் கேளேன்."

"நாப்பத்து மூணு இடம்டி. புதுசுல ஒண்ணுகூட இருக்காது."

கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவள் உறைந்த ஏரிமேல் கால் வைத்ததே இல்லை. அடியில் தண்ணீர் இருக்கிறது என்ற நினைப்பே அவளைக் கரையோடு நிறுத்திவிடும். இன்று கல்யாண நாள் என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் அவளைச் சம்மதிக்கவைத்திருந்தான். வண்டியில் ஏறும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு மணிக்குள்ள என்னைக் கரையில எறக்கி விட்டுடணும்."

"சத்தியமா."

அவன் அதை மனதாரத்தான் சொன்னான்.

காலை நன்றாகவே போனது. ‘டெஸ்’ என்ற புள்ளியில் பனிக்கட்டியைக் குடைந்து துளை போட்டதும் மீன்கள் வரிசையில் நின்றதுபோல வந்து கடித்தன. கோரின் பயத்தை மறந்து சிரித்தாள். "கெழவனுக்கு வந்த வாழ்வைப் பாரு," என்றாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் துளைக்கு இருபது அடி தள்ளி, பனி மூடிய ஒரு பழைய துளை, ஓர் ஆள் இறங்கும் அகலத்தில் உறைந்து கிடந்ததை அவன் பார்த்தான். மீனுக்கு அவ்வளவு பெரிய துளை எவனும் போடமாட்டான். அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குக் காற்று பலமாகிவிட்டது. இரண்டேகாலுக்குக் கரை இல்லை, வானம் இல்லை, வண்டியின் முன்சறுக்குப் பலகைகூட இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை, கண்ணை மூடினாலும் திறந்தாலும் அதே வெள்ளை, அதற்குள் மணலை வாரி இறைப்பதுபோல முகக்கண்ணாடியில் பனி வந்து விழும் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. லோவெல் கலங்கவில்லை. கோரின் பின்னால் உட்கார்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் ‘வீடு’ என்ற புள்ளியை அழுத்தினான். அம்புக்குறி திரும்பி நின்றது. ஒன்றரை மைல்.

முப்பது வருடமாக, கரையிலிருந்து கிளம்பும் முன் அவன் முதலில் செய்வது அந்த இடத்தை வீடு என்று குறிப்பதுதான். இன்று காலை செய்யவில்லை. ஏற்கெனவே ஒன்று இருந்ததே.

கொஞ்ச தூரம் போனதும் கோரின் அவன் தோளைத் தட்டினாள்.

"வரும்போது காத்து இடது கன்னத்துல அடிச்சுது. இப்பவும் இடது கன்னத்துலதான் அடிக்குது."

"காத்து திசை மாறியிருக்கும்."

"லோவெல், நாம கரைக்குப் போகல."

"இது பொய் சொல்லாதுடி."

அடியில் பனிக்கட்டி முனகியது. குளிரில் அது முனகுவதும் வெடிப்பதும் சகஜம், அவன் சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம்தான். ஆனால் இது நின்று நின்று வந்தது. தட். தட். வண்டி போகும் வேகத்துக்கே கீழே கூடவே வந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான். சத்தமும் குறைந்தது.

வண்டியை நிறுத்தினான். கோரின் இறங்கினாள்.

"காலையில வந்த தடம் இருக்கான்னு பாக்கறேன். நாலே அடி. நீ வண்டியை விட்டு எறங்காதே."

அவன்தான் இறங்கியிருக்க வேண்டும். திரையில் ஆவி கூடிக்கொண்டே வந்ததால் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காலடிச் சத்தம் மூன்று எண்ணினான். நான்காவது கேட்கவில்லை. தொட்டித் தண்ணீரில் தட்டை நழுவவிட்டதுபோல ஒரு சின்னச் சத்தம். அப்புறம் காற்று.

"கோரின்?"

இருக்கை பின்னால் அமுங்கியது. கைகள் வந்து அவன் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

"தடம் கெடச்சுதா?"

தலை மெல்ல அவன் முதுகில் சாய்ந்தது. கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்தான். வண்டியைக் கிளப்பினான்.

முதுகு குளிர ஆரம்பித்தது. காற்றின் குளிர் இல்லை அது. காற்று இடது பக்கமாக அடித்தது, இது பின்னாலிருந்து, கம்பளியையும் சட்டையையும் நனைத்துக்கொண்டு தோல்வரை ஊறி வந்தது. கூடவே ஒரு வாடை. பாசி. சேறு. வெகுநாள் மூடிக்கிடந்த தண்ணீர். அவன் அசைந்தபோது முதுகில் சட்டை மொரமொரவென்று உடைந்தது. நனைந்த துணி உறைந்திருந்தது.

இன்னும் கால் மைல். திரையைத் துடைத்தான். சற்றுமுன் அவர்கள் வண்டியை நிறுத்திய இடத்தில் புதிதாக ஒரு புள்ளி இருந்தது. அவன் எதையும் குறிக்கவில்லை. இரண்டு கையும் வண்டிப் பிடியில்தான் இருந்தன.

நாற்பத்து நான்கு.

பெயரைப் படித்தான். கோரின்.

நிறுத்த வேண்டும், திரும்ப வேண்டும், அந்த இடத்துக்கு ஓட வேண்டும். வேகம் கூட்டும் பிடியைத் தளர்த்தினான். வேகம் குறையவில்லை. இடுப்பில் கைகள் இறுகின.

"கோரின்," என்றான். "ஏதாவது பேசு. என்னைத் திட்டவாவது செய்."

முதுகில் சாய்ந்த தலை அசையவில்லை. மூச்சும் இல்லை. முப்பது வருடம் பக்கத்தில் படுத்த மூச்சு, அவனுக்குத் தெரியாதா. அது இல்லை.

குனிந்து அந்தக் கைகளைப் பார்க்கக் கூடாது என்று இருந்தான். பார்த்தான்.

மஞ்சள் கையுறை இல்லை. வெறும் விரல்கள். வெளுத்து, தோல் சுருங்கி, ஊறிப்போனவை. நகங்களில் பாசி.

வண்டி தானாக நின்றது. இஞ்சின் அடங்கியது. திரையில் தூரம் பூஜ்யம். வீடு.

காற்று ஒரு நிமிடம் விட்டுக்கொடுத்தது. சுற்றிலும் கரை இல்லை. கீழே பனி துடைத்துப்போய், கறுத்த, கண்ணாடி போன்ற பனிக்கட்டி. அதற்குக் கீழே தண்ணீர்.

தட்.

அவன் இடது காலுக்கு நேர்கீழே ஒரு மஞ்சள் கையுறை. உள்ளிருந்து கட்டியை அறைந்தது.

தட்.

சிவப்புக் குல்லாய். அதற்குக் கீழே அவள் முகம். கண் திறந்திருந்தது, உயிர் இருந்தது, வாய் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி மூடியது. அவன் குனிய முயன்றான். கைகள் விடவில்லை. காலால் உதைத்தான். ஓர் அடி கனமான கட்டி அது, கீறல்கூட விழவில்லை.

அப்போது கோரின் தட்டுவதை நிறுத்தினாள். அவள் பார்வை அவனைவிட்டு விலகி, மெதுவாக அவன் தோளுக்கு மேலே ஏறியது. அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். தண்ணீருக்குள் அவள் வாய் பெரிதாகத் திறந்தது.

அவன் காதருகே ஈரமான ஏதோ ஒன்று, முதல் முறையாக, மூச்சை உள்ளே இழுத்தது.