மூன்று இழுப்பு

முதலில் மண்வெட்டிச் சத்தம் நின்றது. பிறகு காற்றே நுழையாத அந்தச் சுரங்கத்தில், யாரோ ஊதியதுபோல விளக்கின் சுடர் துவானின் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. நனைந்த மூட்டையைத் தரையில் போட்டதுபோல மெத்தென்று ஒரு ஓசை. அவ்வளவுதான்.

துவானின் கையில் கயிறு இருந்தது. அதன் மறுமுனை முன்னால் தோண்டிக்கொண்டிருந்த தம்பி தியெமின் கணுக்காலில். நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளைக்கார மேஸ்திரியிடம் உதைவாங்கிக்கொண்டு வேலை பார்த்த காலத்திலேயே இருவரும் பழகிய ஏற்பாடு அது. ஒரு இழுப்பு என்றால் கூடை அனுப்பு. இரண்டு என்றால் காற்று விசிறு. மூன்று என்றால் என்னை வெளியே இழு.

கயிறு மூன்று முறை இழுபட்டது.

துவான் குதிகாலை மண்ணில் ஊன்றி, உள்ளங்கைத் தோல் உரிய இழுத்தான். வரவில்லை. விளக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்ந்து போனான். பாதை இருந்த இடத்தில் செம்மண் சுவர். அதன் நடுவில், ஆணி அடித்து மாட்டியதுபோலக் கயிறு நுழைந்திருந்தது. அது மறுபடி இழுபட்டது.

வெறுங்கையால் பிறாண்டத் தொடங்கியவனின் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தார் குழுத்தலைவர் லாக்.

"விடு. அங்க தோண்டாத."

"உசுரோட இருக்கான் தோழர். கயித்தப் பாருங்க, இழுக்குறான்."

"எனக்கும் கண்ணு இருக்கு. தொட்டா இன்னும் சரியும். சரிஞ்சா மேல கேக்கும். வெள்ளைக்காரன் காத மண்ணுல வெச்சுப் படுத்திருக்கான். ஒரு குண்டு உள்ள போட்டான்னா நாம மட்டுமில்ல, பதுங்குகுழியில நிக்குற அத்தன பேரும் நாளைக்கு இந்தக் குன்றுல வெறுங்கையோட ஏறிச் சாகணும்."

"எங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"குன்று விழட்டும். எலும்ப எடுத்துக் கழுவி ஊருக்குக் கொண்டு போ."

"ஆயிரம் கிலோ வெடி வெச்சப்புறம் எலும்பு எங்க தோழர் இருக்கும்?"

லாக் வலப்பக்கம் கையைக் காட்டினார். இங்கிருந்து திருப்பித் தோண்டு என்று அர்த்தம்.

தியென் பியென் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படையின் கையிலிருந்த மற்றக் குன்றுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. இது மட்டும் நின்றது. அதை வெடிவைத்துத் தகர்க்க, அதன் அடிவயிற்றில்தான் அவர்கள் எலிபோலத் தோண்டிக்கொண்டு கிடந்தார்கள். துவான் கயிற்றின் முனையை, கூரையைத் தாங்கிய மூங்கில் முட்டுக்காலில் கட்டினான். வலப்பக்கம் வெட்டினான்.

வெட்ட வெட்ட முதுகுக்குப் பின்னால் மூங்கில் முனகியது. மூன்று. சற்றுப் பொறுத்து மூன்று. தேங்காயெண்ணெய் விளக்கின் காறல் நாற்றமும், பல நாள் குளிக்காத உடம்புகளின் வாடையும், மழையில் அழுகிய மேல்மண்ணின் புளிப்பும் மூக்கை அடைக்க, அந்த முனகலுக்கு நடுவே இன்னொன்றும் கேட்டது. நகத்தால் பானையின் அடியைச் சுரண்டுவதுபோல. அவன் மண்வெட்டியை ஓங்கும்போது அது நின்றது. அவன் நிறுத்தினால் தொடங்கியது. தம்பி காது கொடுத்துக் கேட்கிறான். அண்ணன் தன்னைத் தாண்டிப் போகிற சத்தத்தைக் கேட்கிறான்.

மண்மூட்டை சுமக்கும் குவே எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். அவன்கூட அந்த முட்டுக்காலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இரண்டாம் நாள் மாலை லாக் ஒரு கிண்ணம் சோறு கொண்டுவந்தார். அன்றைய குழுவின் பங்கில் பாதி அது.

"வெச்சுடு. நீதான் மூத்தவன்."

"தோழர், முதல்ல கூப்பிடணும்."

செத்தவனின் சட்டையை வீசிப் பெயர் சொல்லி மூன்று தடவை உரக்கக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால்தான் சோறு. கூப்பிடாமல் யாருக்கும் சோறு வைத்ததில்லை.

"இங்க எப்படிடா கூப்பிடுவ? மேல ஆளு இருக்கான்."

"அதுக்காகவா கூப்பிட வேணாங்கறீங்க?"

லாக் அவனையே பார்த்தார். கூப்பிட்டால் தியெம் பதில் சொல்வான். இருவருக்கும் தெரியும்.

துவான் மண்சுவருக்கு முன்னால் கிண்ணத்தை வைத்தான். கயிறு இழுபட்டுக்கொண்டிருக்கும்போதே சாப்பிடும் குச்சிகள் இரண்டையும், செத்தவனுக்குப் படைக்கும் முறையில், சோற்றில் நேராகக் குத்தினான்.

கயிறு நின்றது.

சுரண்டலும் நின்றது. அன்று அவன் வெளியே போய்ச் சேற்றில் மல்லாந்து, மழை வாயில் விழ விழத் தூங்கினான்.

மறுநாள் உள்ளே வந்தபோது கிண்ணம் காலியாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை. குச்சிகள் இரண்டும் கிண்ணத்தின் விளிம்பில் சேர்த்துப் படுக்க வைக்கப்பட்டிருந்தன. வயிறாரச் சாப்பிட்டவன் வைப்பதுபோல. முட்டுக்காலில் கயிறு இல்லை.

"எலிதாண்ணே," என்றான் குவே. "நம்மள விடப் பசி அதுக்கு."

"குச்சிய எலி படுக்க வைக்குமா?"

"மரியாதை தெரிஞ்ச எலியா இருக்கும்."

"கயிறு?"

"தலைவர் எடுத்திருப்பாரு. கயித்துக்குத்தான் பஞ்சமாச்சே."

துவான் நம்பினான். நம்பாமல் உள்ளே போக முடியாது. புதுக்கயிற்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு மறுமுனையைக் குவேயிடம் கொடுத்தான். குவே திருப்பத்தில், சரிந்த மண்ணுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். இன்னும் ஒரு ஆள் நீளம் வெட்டினால் போதும். வெடிமூட்டைகள் வாசலில் காத்திருந்தன.

வெட்டினான். காற்று கெட்டியானது. சுடர் நீலமாகிச் சுருங்கி அணைந்தது. நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிறார்கள். மேலே, மிக அருகில், பூட்ஸ் நடக்கும் அதிர்வு. இருமினால் கேட்டுவிடும். காலை மூன்று தடவை உதைத்து இழுத்தான்.

உடனே பதில் வந்தது. கயிறு விறைத்தது. நல்ல பலமான இழுப்பு. வயிறு மண்ணில் தேய, தாடை கல்லில் இடிக்க, அவன் பின்னோக்கி நழுவினான். நன்றியில் கண்ணீர் வந்தது.

மூன்று இழுப்பு. ஒரு ஓய்வு. மூன்று இழுப்பு.

குவே அப்படி இழுக்க மாட்டான். குவே மாட்டை இழுப்பதுபோல ஒரே மூச்சில் இழுப்பான். ஓய்வு விட்டு இழுக்கத் துவான் தன் தம்பி ஒருவனுக்குத்தான் சொல்லிக்கொடுத்திருந்தான்.

திருப்பத்தில் வெளிச்சம். தரையில் வைத்த விளக்கருகே குவே. வாய் பிளந்து. கைகள் காலி. உள்ளங்கையில் கயிறு அறுத்த ரத்தக்கோடு.

"நான் இல்லண்ணே," என்றான் குவே. "நான் இல்ல."

கயிறு அவனைத் தாண்டிச் செம்மண் சுவருக்குள் போனது.

குவே கத்தியை எடுத்து அறுத்தான். கயிறு துண்டானது. இழுப்பு நிற்கவில்லை. துவானின் கால் மண்ணுக்குள் போயிருந்தது. கணுக்காலைச் சுற்றி ஐந்து விரல்கள். நகங்கள் இல்லை. தேய்ந்துபோயிருந்தன.

முழங்கால். தொடை. குவே அவன் கைகளைப் பிடித்து இழுத்தான். மேலிருந்து மண் உதிர்ந்தது. துவான் கத்த வாயைத் திறந்தான்.

ஒரு கை வந்து வாயைப் பொத்தியது. லாக். புகையிலை வாடை அடிக்கும் அகலமான கை. அவர் கண்ணில் நீர் வழிந்தது. கை தளரவில்லை.

"சத்தம் போடாத. இன்னும் கொஞ்சம்தான். குவே, விடு அவன. சரியுது."

"தோழர், உசுரோட இருக்காரு!"

"விடுன்னேன். போய்ச் சோறு கொண்டா."

இடுப்பு. விலா. மண் சில்லென்று இருந்தது. விரல்கள் இப்போது அவன் தோளில், அவசரமில்லாமல், தட்டிக்கொடுப்பதுபோல.

குவே திரும்பி வந்தான். அழுதுகொண்டே கிண்ணத்தைத் துவானின் மூக்குக்கு முன்னால் வைத்தான். சுடுசோற்றின் ஆவி முகத்தில் பட்டது. வாய் பொத்தியிருக்க, கண்கள் அகலத் திறந்து அவன் பார்த்தான்.

குச்சிகள் இரண்டும் சோற்றில் நேராக இறங்கி நின்றன.

யாரும் அவன் பெயரைக் கூப்பிடவில்லை.