வறண்ட கிரகத்தில் முதல் தண்ணீர்

“ஏனுங்க… அக்கட்டால போங்க! காது போயிருமுங்க!”

மைதிலி திரும்புவதற்குள் அந்தப் பேரிரைச்சல் அடங்கிவிட்டது. மஞ்சள் பயிரின் மேல் தூறல் விழுகிற சத்தம் மட்டும் மிச்சம். போர் போடும் ரிக் லாரியிலிருந்து குதித்து வந்தவனின் முகம் முழுக்க வெள்ளைப் பாறைத்தூள். அந்த வெள்ளைக்கு நடுவே இரண்டு கண்கள்… மழை அவற்றை மட்டும் கழுவிவிட்டது போல…

“எதுக்கு நிறுத்துனீங்க? அந்தச் சத்தத்தப் பதிவு பண்ணத்தான நான் வந்ததே!” என்று கையிலிருந்த மைக்கை ஆட்டினாள்.

“இந்தச் சத்தத்துக்கு ஊரே காதைப் பொத்திக்கிட்டு ஓடுது. நீங்க அள்ளிக்கிட்டுப் போக வந்தீங்களாக்கும்?”

சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் அவளுக்கு வேலை. ‘செம்பருந்து’ என்ற விண்கப்பலும் அதன் தலைவி ஆதிரையும் கோள் கோளாகச் சுற்றும் குழந்தைகள் தொடர். அதில் பெருங்கதையோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் ஒரு பக்கக் கதையை, முதல்முறையாக மைதிலியே எழுதி இயக்குகிறாள். வறண்ட கிரகம் ஒன்றில் இறங்கும் ஆதிரை, அங்கே துளையிட்டுத் தண்ணீர் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நாமகிரிப்பேட்டை வீட்டில் இருந்தவளுக்குப் பக்கத்துத் தோட்டத்து ரிக் சத்தம் கேட்டதும், மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

லாரிக்காரன் பெயர் தமிழரசு. திருச்செங்கோட்டுக்காரன். அவள் டேப்லெட்டில் காட்டிய படங்களைப் பார்த்தான்… விழுந்து விழுந்து சிரித்தான்.

“கேசிங் பைப்பே எறக்காம மண்ணுல போறாங்களே உங்க ஆதிரை! பாறை தட்டற வரைக்கும் பைப் எறக்கலீன்னா குழி மூடிக்குமுங்க.”

“இது வேற கிரகமுங்க.”

“எந்தக் கிரகமா இருந்தா என்னங்க? மண்ணு மண்ணுதானுங்களே!”

மைதிலிக்கு முகம் சிவந்தது. “லாரி ஓட்டறவங்களுக்குக் கதையப் பத்தி என்ன தெரியும்?” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, லாரியை நாலு படம் எடுத்துக்கொண்டு நடந்தாள். அவன் கண்களில் சிரிப்பு அணைந்ததை மட்டும் பார்த்துவிட்டாள்…

மறுநாள் சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அப்பா சின்னுசாமி எப்போதும் சொல்வது நினைவில் ஒலித்தது. “உன்ற பேருக்கு முன்னால நிக்கற எழுத்து என்னுது, சாமி. அந்தப் பொம்மைப் படத்தப் பாத்து நாலு பேரு சிரிச்சா, வேலைய வுட்டுப்போட்டு ஊடு வந்து சேந்துரோணும்.” அவர் சொன்னால் சொன்னதுதான். அரைகுறை வேலைக்குத் தன் பெயரைக் கொடுக்காத குடும்பம் அது.

சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. பத்து வருடத்துக்கு முன் தங்கள் தோட்டத்தில் போட்ட போர் எப்படி மூடியது? கேசிங்கைக் குறைத்துப் போட்டார்கள், மண் சரிந்தது. அப்பா இன்றுவரை அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை. முதலில் சிரிக்கப்போவது ஊரில்லை… அப்பாவேதான்!

அவன் சொன்னது சரி. அவள் சொன்னதுதான் தவறு.

அவன் போன் நம்பரை வாங்கவில்லையே என்று தவித்தவள், எடுத்த படங்களைப் பார்த்தாள். லாரிக் கதவில் முழ நீளத்துக்குப் பத்து எண்கள்!

“அலோ… தமிழரசுங்களா?”

“லாரிக்காரன்தானுங்க பேசறேன்.”

உதட்டைக் கடித்தாள். “தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க. மன்னிச்சுக்குங்க. என்ற படத்த வந்து பாருங்க.”

“வாரேனுங்க” என்றான். அந்த ஒரு சொல்லுக்கு ஏன் இப்படிப் படபடக்கிறது…

நாலு நாளும் தன் வேலை முடிந்து மாலையில் ஸ்டுடியோவுக்கு வந்தான். தூள் இல்லாத முகத்தை அப்போதுதான் பார்த்தாள். அவன் விளக்க விளக்கத் திரையில் ஆதிரை பைப் இறக்கினாள், உலர்ந்த தூள் பறந்தது, தூள் ஈரமானது. தண்ணீர் பீறிட்டதும் ஆதிரை அள்ளிக் குடிக்கும் இடத்தில், “நிறுத்துங்க” என்றான்.

“எங்க வண்டியில ஒரு வழக்கமுங்க. தண்ணி வந்தா நாங்க தொட மாட்டம். நெலத்துக்காரவங்களக் கூப்புட்டு, அவங்க மொதல்ல கையில ஏந்துன பொறகுதான் எங்களுக்கு.”

மைதிலி அவனையே பார்த்தாள். வெளியே மழை… உள்ளேயும்தான்.

படம் முடிந்து ஸ்டுடியோவில் குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டிய காலையில், சின்னுசாமி வெள்ளை வேட்டியில் முதல் வரிசையில் விறைப்பாக உட்கார்ந்தார். பைப் இறங்கிய இடத்தில் அவர் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்தது. தண்ணீர் பீறிட்டது. தாகத்தில் உதடு வெடித்த ஆதிரை பின்வாங்கி, அந்தக் கிரகத்துக் கிழவியைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். “முதல் கை உங்களுதுங்க” என்றாள். அரங்கம் எழுந்து கைதட்டியது. திரையில் வந்தது பெயர்: சி. மைதிலி.

சின்னுசாமி துண்டால் கண்ணை ஒற்றினார். “கேசிங் எறக்கச் சொன்னது ஆரு?”

“நானில்லீங்கப்பா. இவருங்க, போர் லாரிக்காரரு” என்று பக்கத்தில் நின்ற தமிழரசைக் காட்டினாள் மைதிலி. அடுத்தவர் புகழை ஒளித்து வைக்கத் தெரியாத பிள்ளை.

சின்னுசாமி தமிழரசை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, நம்ம தோட்டத்துல ஒரு போரு மூடிக் கெடக்குது. அடுத்த வாரம் வண்டியக் கொண்டா.” பிறகு மகளிடம், “படத்த இன்னொருக்காப் போடச் சொல்லு, சாமி. உங்கொம்மாளுக்கும் போன் பண்ணிப் பஸ் ஏறச் சொல்றேன்” என்று கம்பீரமாக வெளியே நடந்தார்.

தமிழரசும் அவர் பின்னால் கிளம்பினான். “எங்க போறீங்க?” என்றாள் மைதிலி.

“ஒரு விசயமுங்க… உங்க அப்பாகிட்ட மொதல்ல சொல்லோணும். அதுதான மரியாதை.”

மைதிலி கதவை மறித்து நின்றாள். காது வரை சிவந்திருந்தாள். “உங்க வண்டி வழக்கம் மறந்து போச்சுங்களா? நெலத்துக்காரவங்களுக்குத்தான மொதல்ல?”

“ஆமாங்க…”

“மனசு என்னுதுங்க. அப்பாகிட்ட அப்பறம் ரெண்டு பேருமாச் சேந்தே போயிச் சொல்லிக்கலாம். மொதல்ல எங்கிட்டச் சொல்லுங்க.”

அத்தனை இரைச்சலை அடக்கி ஆள்கிறவன் மெல்லச் சொன்னான்.

“உங்கள… நெம்பப் புடிச்சிருக்குதுங்க, மைதிலி.”

அவள் இரண்டு கைகளையும் ஏந்தி நீட்டினாள்… முதல் தண்ணீரை வாங்குகிறவளைப் போல.