தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்

இருங்காட்டுக்கோட்டையில் காண்ட்ராக்ட் வேலை போனதும், இசக்கிபாண்டி மனைவி செல்வலட்சுமியையும் கைக்குழந்தை சுகப்பிரியாவையும் கூட்டிக்கொண்டு வடக்குப்பட்டுக்கு அப்பாலிருந்த கோழிப்பண்ணைக்கு வந்து சேர்ந்தான். குழந்தைக்கு நெஞ்சு இழுப்பு. திருநெல்வேலிப் பக்கம் திரும்பினால் மருந்துக்கு வழியில்லை. சம்பளத்தோடு தங்க அறையும் உண்டு என்றபோது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது.

நாலு பக்கமும் அடைத்த நீளமான கொட்டகை. ஜன்னல் கிடையாது. ஒரு கோடியில் ஆளுயர ஃபேன்கள் உள்காற்றை ஓயாமல் வெளியே தள்ளின. கண்ணைக் கரிக்கும் எச்ச நாற்றம் ஊர்வரை போனது. உள்ளே ஆயிரக்கணக்கில் கறிக்கோழிகள், காலை மாற்றி வைக்க இடமில்லாமல்.

“உள்ள போகசொல்ல கதவத் தட்டு, பாண்டி,” என்றார் சூப்பர்வைசர் ஜெபதாஸ். “மெதுவா மூணு தட்டு. சடார்னு தொறந்தா மிரண்டு மூலைல ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். அடில கீறது மூச்சு முட்டி செத்துப்பூடும்.”

தட்டினால் உள்ளிருந்து மெல்லக் கொக்கரிப்பு எழும். அப்புறம்தான் திறப்பான்.

சித்திரை வெயில். ஈயும் நாற்றமும் தாங்காமல் ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பார்வையிட வந்த நாள். ஜெபதாஸ் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“ஜீப் ஊருக்குள்ள வந்துகினு கீது. ஃபேன நிறுத்து. நாத்தம் வெளிய போவக் கூடாது.”

“கோழி தாங்காதே அண்ணாச்சி?”

“கொஞ்ச நேரந்தாம்பா. பண்ணைக்கு சீல் வெச்சா உனுக்கும் ரூம் இல்ல. கொயந்தைய எங்க தூக்கினு போவ?”

இசக்கிபாண்டி குழந்தையை நினைத்தான். சுவிட்சை அணைத்தான்.

வந்தவர்கள் பொறுப்பான ஆட்கள். வீடு வீடாக நின்று கேட்டதில் மதியம் தாண்டிவிட்டது. ஜீப் திரும்பிப் போனதும் அவன் ஓடிப்போய்க் கதவைத் தட்டினான்.

பதில் இல்லை.

திறந்தான். நடுத்தரை வெறுமையாகக் கிடந்தது. கோழிகள் மொத்தமும் மூலைகளில் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தன, அலகு திறந்தபடி.

பின்னால் பள்ளம் வெட்டிப் புதைத்தார்கள். மறுநாள் பட்டப்பகலில், கொட்டகைச் சுவரை ஒட்டியிருந்த தங்கள் அறையில் செல்வலட்சுமி சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

டொக். டொக். டொக்.

கொட்டகைக்குள்ளிருந்து.

“உள்ள யாருங்க?” என்று கிசுகிசுத்தாள்.

“ஒருத்தரும் இல்ல. பூட்டியாச்சு.” சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது.

அப்போது சுகப்பிரியா வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். அழவில்லை. கழுத்தை நீட்டி, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டாள். வெக்கையில் கோழி இறக்கையை விரிக்கும் விதம் அது. அவன் குழந்தையை வாரி எடுத்தான்.

போட்டது போட்டபடி ஓடினார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு மூச்சு திரும்பியது. ஒரகடத்தில் சொந்த ஊர்க்காரன் பிச்சையா தன் வாடகை அறையில் இடம் கொடுத்தான். பிழைத்தோமென்று இசக்கிபாண்டி வாய்விட்டு அழுதான்.

மதிய ஷிஃப்டுக்குப் பிச்சையா கிளம்பிப் போனதும் கதவைத் தாழிட்டார்கள்.

ஃபேன் நின்றது.

கரண்ட் போகவில்லை. விளக்கு எரிந்தது. பக்கத்து அறையில் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. எங்கிருந்தோ எச்ச நாற்றம் வந்து கண்ணைக் கரித்தது.

டொக். டொக். டொக்.

மெதுவாக. உள்ளே இருப்பவர்கள் மிரண்டுவிடக் கூடாதே என்ற அக்கறையோடு.

“தொறந்துராதீங்க...”

எப்போது எழுந்தார்கள், எப்படி ஓடினார்கள் என்று தெரியவில்லை. அறையின் மூலையில் கிடந்தார்கள். அவள்மேல் அவன் ஏறி நெருக்கிக்கொண்டிருந்தான். விலகுடா என்று புத்தி சொன்னது. உடம்பு கேட்கவில்லை. கால்கள் தரையைப் பிறாண்டின.

“பிள்ள எங்கங்க?” என்றாள் செல்வலட்சுமி, மூச்சுத் திணறியபடி.

சுகப்பிரியா அடியில் இருந்தாள்.

வெளியே இருந்தது பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தது. பதில் வராததால், உள்தாழ்ப்பாள் தானாக விலகத் தொடங்கியது.