தகரப் படகின் தூசி

படகின் மேல் தூவியிருந்த தூசியில் யாரோ விரல் வைத்திருந்தார்கள்.

ராமர் குனிந்து பார்த்தான். ஒரு பக்கம் நாலு சின்ன விரல், மறுபக்கம் ஒரு கட்டைவிரல். பழந்துணியில் தூசியைக் கட்டித் தட்டித் தட்டி அவனே காலையில் தூவியது. அதன்பிறகு கொச்சியில், கொச்சங்காடியில் இருந்த அந்தப் பழம்பொருள் கிட்டங்கிக்குள் யாரும் வரவில்லை. ஓட்டிடுக்கில் மழை சொட்டுகிற சத்தமும், நனைந்த சாக்கின் வாடையும், பக்கத்துக் கிட்டங்கியிலிருந்து சுவர் தாண்டி வரும் சுக்கு மணமும்தான் அவனோடு இருந்தன.

மறுபடி தூவினான். யூசுப் முதலாளி சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. "தூசியைத் தொடைக்க வேண்டா ராமரே. பளபளன்னு வேணும்னா இடப்பள்ளி மாலுக்குப் போகமாட்டானா? இங்க வர்றவன் தூசிக்குத்தான் வர்றான்."

பழைய பொம்மைகளைப் பற்றிய பெரிய படப்புத்தகம் மேசையில் விரிந்து கிடந்தது. முழுப் பக்கத்தில் இந்தப் படகு. திரி கொளுத்தித் தண்ணீரில் விட்டால் டப்டப்பென்று ஓடும் தகரப் படகு. எழுபது வருடப் பழசு என்று அச்சிட்டிருந்தது. பார்க்கிறவர்கள் கண்கலங்கி, எங்கள் வீட்டிலும் இருந்தது என்பார்கள்.

நிஜத்தில் படகுக்கு வயது மூன்று. புதுப் படகுகளைக் கயிற்றில் கோத்து, கிட்டங்கிக்குப் பின்னால் உப்புத் தண்ணீர் ஓடும் கால்வாயில் மூழ்க வைப்பது ராமரின் வேலை. துருப்பிடித்ததும் எடுப்பான். தண்ணீருக்கடியில் சிவப்பும் நீலமுமாய்த் தெரிந்ததை அவன் மகன் விக்கி பார்த்திருக்கிறான். எடுக்க இறங்கினான்.

பையனின் உடலை வெளியே தூக்கியபோதும் கையில் படகு இருந்தது. விரல் விரலாய்ப் பிரித்து எடுத்தது ராமர்தான். கட்டைவிரல் கடைசியில் விட்டது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் படகைத் திரும்பத் தண்ணீரிலேயே போட்டான். வேறெதிலும் ஏறாத துரு அதில் ஏறியது. புத்தகத்துக்குப் படமெடுத்தபோது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்றும் தோன்றவில்லை.

இன்று மாலை அது விலைபோகிறது. போய்விட்டால் போதும். அது இங்கே இருப்பது மனைவி இசக்கிசெல்விக்குத் தெரியாது.

போன் அடித்தது. அவள்தான்.

"விக்கி அப்பா, சாயா குடிச்சீங்களா?"

"ம்."

"வர்றப்ப கப்பைக்கிழங்கு வாங்கிட்டு வாங்க. போன தடவை மாதிரி வெறும் வேரா வாங்கிட்டு வந்துராதீங்க."

"ம்."

"அதென்ன அங்க, டப்டப்புன்னு?"

"மழை."

வைத்துவிட்டான். மழை நின்றிருந்தது.

பெட்டியில் வைக்கோலைப் பரப்பிப் படகைத் தூக்கினான். மறுபடி விரல்கள். இம்முறை ஈரம். தரையிலும் ஈரம். கால்வாய்ப் பக்கக் கதவிலிருந்து சின்னப் பாதங்கள். வந்த தடம் மட்டும்.

மூடினான். ஆணி அடித்தான். உள்ளே டப். டப். டப்.

திரி இல்லை. தண்ணீர் இல்லை.

வாசலில் கார் வந்து நின்றது. "ராமரே, கொண்டு வா," என்றார் முதலாளி.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். லுங்கி பின்னால் இழுத்தது. ஆணியில் மாட்டியதுபோல். குனிந்தான். முழங்காலுக்கு மேலே, தூசி படிந்த துணி ஒரு சின்னக் கைப்பிடி அளவுக்குக் கசங்கி நின்றது. கசங்கலிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது.

ஆணி இல்லை. யாரும் இல்லை.

பிறகு பெட்டியைப் பிடித்திருந்த அவன் கையில் ஏதோ குளிர்ந்தது. அவன் சுண்டுவிரல் பிடியிலிருந்து பிரிந்து நிமிர்ந்தது. அடுத்தது. அடுத்தது. பொறுமையாக, ஒவ்வொன்றாக.

கட்டைவிரல் மட்டும் மிச்சம்.